புத்தளத்திலிருந்து சோனகத் தெருவுக்கு: உம்மாவின் ஊரும் ஒரு சமூகத்தின் வரலாறும்

இலங்கையின் வடமாகாண முஸ்லிம்கள் தம் காலத்தை 1990 ஒக்டோபருக்கு முன், பின் என்று பிரித்தே கணக்கிடுகிறார்கள். வீட்டுக்கு ஓடு போட்டது எப்போது, மூத்த பிள்ளை பிறந்தது எந்த ஊரில் என்று எதைக் கேட்டாலும் பதில் அந்த மாதத்தைத் தொட்டே வரும். எங்கள் உம்மா யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் பிறந்து பதினெட்டு வயது வரை அங்கே வளர்ந்தவர். வாப்பா புத்தளத்துக்காரர். நாங்கள் பிறந்ததும் படித்ததும் புத்தளத்தில். ஆகவே உம்மாவின் ஊர் எங்களுக்குக் கேட்டறிந்த ஊராகவே இருந்தது.

கடந்த டிசெம்பர் பள்ளி விடுமுறையில் உம்மா, வாப்பா, மாமா, நாங்கள், எங்கள் பிள்ளைகள் எனப் பதினொரு பேர் ஒரு வேனில் யாழ்ப்பாணம் சென்றோம். உம்மாவின் பெற்றோர் விட்டு வந்த இரண்டு பரப்புக் காணியை வாங்க ஒருவர் விலை பேசியிருந்தார். விற்பதா, வைத்திருப்பதா என்பதைக் காணியைப் பார்த்தபின் முடிவு செய்யலாம் என்றார் உம்மா. மாமாவின் கைப்பையில் வேறொரு பொருளும் இருந்தது. அதைப் பற்றிப் பின்னர் கூறுகிறோம். இதே கேள்வியோடு வாழும் குடும்பங்கள் பல உண்டு என்பதால், கடந்து சென்ற பாதையையும் அதன் வரலாற்றையும் இங்கே எழுதுகிறோம்.

இரு ஊர்களின் பழைய உறவு

புத்தளத்தையும் யாழ்ப்பாணத்தையும் 1990-இன் துயரம்தான் முதலில் இணைத்தது என்று எங்கள் பிள்ளைகள் எண்ணியிருந்தார்கள். உண்மையில் அந்த உறவு மிகப் பழையது. மொரோக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா 1344-இல் மாலைத்தீவிலிருந்து புறப்பட்டு இலங்கைக் கரையில் இறங்கினார். அவர் குறிப்பிடும் ‘பத்தாலா’ புத்தளமே என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. அங்கே அவரை வரவேற்று உபசரித்தவர் யாழ்ப்பாண மன்னரான ஆரியச் சக்கரவர்த்தி. மன்னர் பாரசீக மொழியை அறிந்திருந்தார் என்றும், முத்துகளைக் காட்டி உரையாடினார் என்றும், பாவா ஆதம் மலைக்குச் செல்ல வேண்டிய ஏற்பாடுகளைச் செய்து கொடுத்தார் என்றும் அப்பயணி எழுதியுள்ளார். முத்தும் கப்பலும் வணிகமும் இருந்த இடத்தில் முஸ்லிம்களும் இருந்தார்கள்.

யாழ்ப்பாணம் 1619-இல் போர்த்துக்கீசரிடமும் 1658-இல் ஒல்லாந்தரிடமும் வீழ்ந்தது. ஆட்சிகள் மாறியபோதும் சோனகர் அங்கே வாழ்ந்து வந்தனர். வண்ணார்பண்ணை, நாவாந்துறை, ஐந்துசந்தி ஆகிய பகுதிகளைச் சூழ்ந்து அவர்களுடைய பள்ளிவாசல்களும் பாடசாலைகளும் எழுந்தன. இரும்புக்கடை, துணிக்கடை, தையல், நகைத் தொழில், இறைச்சிக்கடை என நகரின் அன்றாட வாழ்வில் அவர்கள் இல்லாத துறை குறைவு.

இந்த மண் தந்த பெரியார்களுள் ஒருவர் ஏ. எம். ஏ. அஸீஸ். 1911-இல் வண்ணார்பண்ணையில் பிறந்த அவர் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியில் படித்தார். இலங்கை சிவில் சேவையில் இணைந்த முதல் முஸ்லிம் அவரே. பின்னர் 1948 முதல் 1961 வரை கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபராக இருந்து ஒரு தலைமுறையை உருவாக்கினார். முஸ்லிம் சிறுவன் ஒருவன் இந்துக் கல்லூரியில் படித்து நாடு போற்றும் கல்வியாளனாக உயர்வது அந்த ஊரில் இயல்பாக நடந்த ஒன்று. அநுராதபுரத்தை நோக்கிச் செல்லும்போது இதைச் சொன்னோம். “அப்படியெண்டா எல்லாரும் சேந்துதான் இருந்தாங்களா?” என்று கேட்டாள் எங்கள் மகள். ஆம் என்றார் உம்மா. பிறகு நெடுநேரம் அவர் பேசவில்லை.

ஏ-9 வீதியில்

புத்தளத்திலிருந்து அநுராதபுரம், வவுனியா வழியாக யாழ்ப்பாணம் ஏறத்தாழ 270 கிலோமீட்டர். வவுனியாவைக் கடந்ததும் ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம் என ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. இன்று வழுவழுப்பான தார் வீதி. போர்க்காலத்தில் ஆண்டுக்கணக்காக அடைபட்டுக் கிடந்த பாதை இது. 2002-இன் போர்நிறுத்த உடன்படிக்கைக்குப் பின் திறந்து, 2006 ஓகஸ்டில் மீண்டும் மூடி, போர் முடிந்த 2009-க்குப் பிறகே பொதுமக்களுக்கு முழுமையாகக் கிட்டியது.

முறிகண்டியில் எல்லா வாகனங்களும் நிற்கின்றன. பிள்ளையார் கோவிலில் கும்பிடுவோர் கும்பிடுகிறார்கள். ஏனையோர் தேநீர் குடித்துக் கச்சான் வாங்குகிறார்கள். நாங்களும் கச்சான் வாங்கினோம். தம் சிறுவயதில் கொழும்புக்குப் போகும்போதெல்லாம் தம் வாப்பா இங்கேயே வாகனத்தை நிறுத்தச் சொல்வார் என்று உம்மா நினைவுகூர்ந்தார். கிளிநொச்சி, பரந்தன், ஆனையிறவு கடந்து முகமாலையை அடைந்தபோது மாமா வீதியின் இருமருங்கையும் காட்டினார். போர்முனைகள் இருந்த நிலம் அது. போர் ஓய்ந்து பல ஆண்டுகள் கழிந்த பின்னும் கண்ணிவெடி அகற்றும் பணி அங்கே தொடர்ந்தது.

சாவகச்சேரியில் அஸருக்கு நேரமாயிற்று. வடபுலத்து முஸ்லிம்களின் வெளியேற்றம் 1990 ஒக்டோபர் நடுப்பகுதியில் இந்த ஊரிலிருந்துதான் தொடங்கியது.

இரண்டு மணி நேரம்

நடந்தவற்றைப் பிள்ளைகளுக்கு எவ்வாறு சொல்வது என்பது எங்களுக்குப் பெருஞ்சிக்கலாக இருந்தது. உம்மா தாமே சொன்னார். அவர் கூறியதோடு பதிவுகளில் உள்ளவற்றையும் சேர்த்துத் தருகிறோம்.

சாவகச்சேரியை அடுத்து மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா மாவட்டங்களில் புலிகளின் ஆதிக்கத்தில் இருந்த பகுதிகளிலிருந்தும் முஸ்லிம்கள் வெளியேறுமாறு விடுதலைப் புலிகள் கட்டளையிட்டார்கள். மன்னார்த் தீவின் மக்கள் பலர் மழைக்காலக் கடலில் படகேறிக் கற்பிட்டிக் கரையை அடைந்தார்கள். யாழ்ப்பாண நகரின் முறை ஒக்டோபர் 30, செவ்வாய்க்கிழமை வந்தது. காலையில் ஒலிபெருக்கி மூலம் அறிவித்து, மக்களை ஜின்னா மைதானத்தில் கூட்டினார்கள். வெளியேற இரண்டு மணி நேர அவகாசம். ஆளுக்கு 150 ரூபாயும் மாற்றுடையும் கொண்டுபோகலாம். சோதனையில் நகைகள் பறிபோயின. காதிலிருந்த தோட்டைக்கூடக் கழற்றிக் கொடுத்ததாகச் சாட்சியமளித்த பெண்கள் பலர்.

ஐந்து மாவட்டங்களிலிருந்தும் ஏறத்தாழ 75,000 முஸ்லிம்கள் சில நாள்களுக்குள் வெளியேற்றப்பட்டார்கள். எங்கள் உம்மாவின் குடும்பம் லொறியில் சில தூரமும் நடந்து சில தூரமும் சென்று வவுனியாவை அடைந்தது. நாங்கள் காலையில் புறப்பட்டு மாலையில் கடந்த அதே பாதையை அவர்கள் எதிர்த்திசையில் பல நாள்கள் எடுத்துக் கடந்தார்கள்.

உம்மாவின் வாப்பா தையல்காரர். அன்று அவருடைய கடையில் வாடிக்கையாளர் கொடுத்த துணிகள் இருந்தன. சில தைத்து முடிந்தவை, சில வெட்டிவைத்தவை. முன்பணம் வாங்கியவையும் உண்டு. அவற்றை உரியவர்களிடம் சேர்க்க இரண்டு மணி நேரம் போதவில்லை. மேற்சட்டைப் பையில் இருந்த அளவுக் கொப்பி மட்டும் சோதனைக்குத் தப்பி அவரோடு வந்தது. நபி (ஸல்) அவர்கள் மக்காவை விட்டுப் புறப்பட்டபோது, தம்மிடம் மக்கள் ஒப்படைத்திருந்த அமானிதங்களை உரியவர்களிடம் சேர்ப்பிக்க அலீ (ரழி) அவர்களை அங்கே நிறுத்திச் சென்ற வரலாற்றை அவர் அடிக்கடி நினைவுகூர்வாராம். அமானிதத்தை ஒப்படைக்க யாரையும் விட்டுவர முடியாமற்போனதை எண்ணியே வருந்திக்கொண்டிருந்தார். புத்தளத்தில் அவர் மௌத்தாகும்வரை அந்த வருத்தம் தீரவில்லை. மாமாவின் கைப்பையில் இருந்தது அந்தக் கொப்பி.

பொறுப்பும் நீதியும்

அந்த ஆண்டின் கொடுமைகள் வடக்கோடு நின்றுவிடவில்லை. 1990 ஓகஸ்ட் 3 அன்று காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் நின்றிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். அடுத்த சில நாள்களில் ஏறாவூரில் மற்றொரு படுகொலை. அதே காலத்தில் கிழக்கில் தமிழ்க் கிராமங்களும் தாக்கப்பட்டன. அதில் முஸ்லிம் ஊர்காவற் படையினர் சிலரின் பங்கும் இருந்தது. இதை மறைத்துவிட்டு நம் துயரை மட்டும் பேசினால் நம் சாட்சியம் முழுமையடையாது. ஆயினும் கிழக்கில் நடந்த எதற்கும் யாழ்ப்பாணத்துத் தையல்காரரும் மன்னார் மீனவரும் பொறுப்பாளிகள் அல்லர். ஒரு சமூகத்தை முழுமையாக அதன் மண்ணிலிருந்து பிடுங்கி எறிவதற்கு எந்தக் காரணமும் நியாயமாகாது.

2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் நடந்த பத்திரிகையாளர் மாநாட்டில் பிரபாகரனுடன் அமர்ந்திருந்த அன்ரன் பாலசிங்கம், முஸ்லிம்களை வெளியேற்றியது அரசியல் தவறு என ஒப்புக்கொண்டார். அதே மாதம் 13-ஆம் திகதி பிரபாகரனும் ரவூப் ஹக்கீமும் ஓர் உடன்பாட்டில் ஒப்பமிட்டார்கள். முஸ்லிம்கள் தம் ஊர்களுக்குத் திரும்பும் விடயமும் அதில் இடம்பெற்றது. போர் மீண்டும் மூண்டதால் அது பயன் தரவில்லை. பின்னர் குடிமக்கள் ஆணைக்குழு ஒன்று வடக்கு முஸ்லிம்களின் சாட்சியங்களைத் திரட்டி 2011-இல் அறிக்கையாக வெளியிட்டது. பிள்ளைகளுக்கு வரலாறு சொல்ல விரும்பும் குடும்பங்கள் அத்தகைய பதிவுகளைத் துணையாகக் கொள்வது நல்லது. மனத்தாங்கலால் கதை பெருகவும் கூடாது. சங்கடத்தால் குறையவும் கூடாது.

புத்தளம் தந்த இடம்

அநாதரவாக வந்தவர்களுக்குப் புத்தளத்து மக்கள் பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் திறந்துவிட்டார்கள். தென்னந்தோப்புகளில் கிடுகுக் குடிசை போட இடம் கொடுத்தார்கள். வாப்பாவின் குடும்பம் தன் வளவில் நான்கு குடும்பங்களை இருத்தியது. அவற்றுள் ஒன்று உம்மாவினுடையது. அன்ஸாரிகளின் பண்பு அது. ஆனால் குடிநீரும் வேலையும் பல்கலைக்கழக இடங்களும் எல்லாருக்கும் போதாதபோது இரு சாராருக்கும் இடையே உரசல் எழுந்ததும் உண்மை. உம்மாவின் பிள்ளைகளாகிய எங்களைப் பாடசாலையில் ‘அகதிப் பிள்ளைகள்’ என்றே சிலர் அழைத்தார்கள். வாப்பா உள்ளூர்க்காரர் என்பதும் அதைத் தடுக்கவில்லை.

போர் முடிந்த வேளையில் அண்மையில் இடம்பெயர்ந்தோர் ‘புதியவர்கள்’ எனவும், 1990-இல் வெளியேற்றப்பட்டோர் ‘பழையவர்கள்’ எனவும் நிறுவனங்களின் பட்டியல்களில் பிரிக்கப்பட்டார்கள். புதியவர்களின் மீள்குடியேற்றமே முதலில் கவனிக்கப்பட்டது. பழையவர்களோ, ஒரு குடும்பமாக வந்து நான்கைந்து குடும்பங்களாகப் பெருகிவிட்டவர்கள். பாட்டன் வீட்டுக்கு ஒரே ஓர் உதவித்தொகை என்றால் நான்கு பேரப்பிள்ளைகளின் குடும்பங்கள் எங்கே தங்குவது? திரும்பிப் போனவர்கள் சிலர் மறுபடியும் புத்தளம் வந்துவிட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

சோனகத் தெருவில்

மஃரிபுக்கு முன் ஊருக்குள் நுழைந்தோம். 1981-ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் இன்றைய கிளிநொச்சியையும் உள்ளடக்கிய யாழ்ப்பாண மாவட்டத்தில் 13,000-க்கு மேற்பட்ட சோனகர் இருந்தார்கள். 2012-இன் கணக்கெடுப்பில் யாழ்ப்பாண மாவட்டத்தில் அவர்களின் தொகை 2,000-ஐச் சற்றே கடந்திருந்தது. அந்த எண்களின் பொருள் ஒழுங்கைகளில் நடக்கும்போதுதான் விளங்குகிறது. புதிதாகக் கட்டிய ஒரு வீடு. பக்கத்தில் கூரையில்லாத சுவர்கள். அடுத்த வளவில் முட்செடி. அதற்கப்பால் மீண்டும் ஒரு வீடு. ஆயினும் பள்ளிவாசலில் அதான் ஒலித்தது. ஒஸ்மானியாக் கல்லூரியும் கதீஜாப் பாடசாலையும் இயங்குகின்றன. ஊர் இறந்துவிடவில்லை.

உம்மாவின் வீட்டில் கதவோ நிலையோ ஓடோ இல்லை. அடுப்படிச் சுவரும் கிணறும் மிஞ்சியிருந்தன. கிணற்றுக்குள் குப்பை நிறைந்திருந்தது. “இதிலதான் வாப்பா ஒளூ செய்வார்” என்று கட்டின் ஓரத்தைக் காட்டினார் உம்மா. அவர் அழவில்லை. வளவின் எல்லைக் கற்கள் நான்கும் இருக்கின்றனவா என்று மாமாவோடு சேர்ந்து தேடினார். மூன்று கிடைத்தன.

மறுநாள் மாமா அளவுக் கொப்பியைத் திறந்தார். ஒப்படைக்கப்படாத துணிகளுக்கு எதிரே சிறு கோடு இட்டிருந்தது. அவற்றுள் முகவரி தெளிவாக இருந்தவை மூன்று. இரண்டு வீடுகளில் இப்போது வேறு மக்கள் இருந்தார்கள். மூன்றாவது வீட்டில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கதவைத் திறந்தார். கொப்பியில் இருந்தது அவருடைய தகப்பனாரின் பெயர். இரண்டு சேட்டுத் துணி, முன்பணம் 40 ரூபாய். மாமா விடயத்தைச் சொல்லி, தம் வாப்பாவின் கடனைத் தீர்க்க வந்திருப்பதாகக் கூறி ஒரு தொகையை நீட்டினார்.

அந்தப் பெரியவர் நெடுநேரம் கொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எங்களை இருக்கச் சொல்லித் தேநீர் தந்தார். அவர்கள் குடும்பமும் இந்த வீட்டை விட்டு ஓடியது என்றார். 1995-இல் இராணுவம் நகரை நெருங்கியபோது, விடுதலைப் புலிகளின் அறிவிப்பின்பேரில் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் செம்மணி வெளியையும் நாவற்குழிப் பாலத்தையும் கடந்து தென்மராட்சிக்குப் போனார்கள். அந்த நாளும் ஒக்டோபர் 30 தான். சரியாக ஐந்து ஆண்டுகள். “நீங்கள் போகேக்க நாங்கள் பாத்துக்கொண்டு நிண்டனாங்கள். வாய் திறக்கேல்லை. எங்கட முறை வந்தபோதுதான் விளங்கினது” என்றார் அவர். பணத்தை வாங்க மறுத்தார். தம் தகப்பனார் சார்பில் அந்தக் கடனை முழுமையாக மன்னித்துவிட்டதாகச் சொன்னார். மாமா அந்தப் பணத்தை அவருடைய சம்மதத்தோடு ஏழை மாணவர் ஒருவரின் படிப்புக்குக் கொடுத்தார். முகவரி கிடைக்காத ஏனையோரின் கடனுக்கும், அவர்கள் பெயரால் ஸதகா செய்வதென்று முடிவாயிற்று.

காணியும் சட்டமும்

கடனுக்கு வழி பிறந்தது. எஞ்சியது உரிமை. இலங்கையின் 1871-ஆம் ஆண்டு ஆட்சியுரிமைச் சட்டப்படி, ஒருவர் மற்றவரின் காணியைத் தமதெனப் பத்து ஆண்டுகள் இடையறாது ஆண்டுவந்தால் அதற்கு உரிமை கோர இயலும். ஊருக்குள் கால்வைக்கவே முடியாதிருந்தவர்களுக்கு இது பெரும் அநீதியாக இருந்தது. ஆயுதக் குழுக்களின் செயல்களால் தம் காணிக்குச் செல்ல முடியாதிருந்தோருக்காக 2016-ஆம் ஆண்டின் 5-ஆம் இலக்கச் சிறப்புச் சட்டம் இயற்றப்பட்டது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை அந்தப் பத்தாண்டுக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்பது அதன் சாரம். 2009-க்குப் பிந்திய ஆண்டுகளுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஆகவே காணியைப் பார்க்காமல், வேலியிடாமல், தூரத்தில் இருந்து நினைத்துக்கொண்டிருப்பது போதாது.

உம்மாவின் தாயார் கொண்டுவந்த உறுதி வழியிலேயே பறிபோயிற்று. காணிப் பதிவகத்தில் அதன் பிரதியை மாமா முன்னரே பெற்றிருந்தார். உறுதி தொலைந்தவர்கள் உரிமையும் தொலைந்ததென்று கருத வேண்டியதில்லை. பதிவு செய்யப்பட்ட உறுதியின் பிரதியைக் கேட்டுப் பெறலாம்.

வாங்க வந்தவர் நல்ல விலைதான் சொன்னார். எங்களில் யாரும் உடனே யாழ்ப்பாணத்தில் குடியேறும் நிலையில் இல்லை. தொழிலும் பிள்ளைகளின் பாடசாலையும் புத்தளத்தில். விற்றுப் பங்கிடுவதே அறிவு என்று எங்களில் சிலர் கருதினோம். உம்மா எல்லாவற்றையும் கேட்டார். “விக்கிறதெண்டா உங்கட காலத்தில வில்லுங்க. எண்ட கையால நான் ஒப்பம் வைக்க மாட்டன்” என்றார். வாப்பா அதை ஏற்றுக்கொண்டார். வேலி அடைக்கவும் கிணற்றை இறைக்கவும் ஆள் பேசினோம். காணாமற்போன நான்காவது எல்லைக் கல்லுக்கு நில அளவையாளரை அழைப்பதென்று தீர்மானித்தோம்.

மக்கா வெற்றிக்குப் பின் நபி (ஸல்) அவர்கள் தாம் பிறந்த ஊரிலேயே தங்கிவிடுவார்களோ என்று மதீனாவின் அன்ஸாரிகள் கலங்கினார்கள். அவர்களோடு வாழ்ந்து அவர்களோடு மரணிப்பதாக நபியவர்கள் தேறுதல் கூறினார்கள், மதீனாவுக்கே திரும்பினார்கள். மக்காவின் மீதான அன்பு அதனால் குறையவில்லை. பிறந்த ஊரையும் அடைக்கலம் தந்த ஊரையும் ஒருசேர நேசிக்க நமக்கு அழகிய முன்மாதிரி உண்டு. புத்தளத்துக்கு நன்றி சொல்வதற்காக யாழ்ப்பாணத்தை மறக்க வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்தைக் கேட்பதால் புத்தளத்துக்குத் துரோகம் இழைத்தவர்களும் ஆகமாட்டோம்.

இத்தகைய ஊர் உங்கள் குடும்பத்துக்கும் இருக்குமாயின், பெற்றோர் நலமாக இருக்கும்போதே ஒருமுறை அவர்களோடு போய்வாருங்கள். எல்லைக் கற்கள் எங்கே என்று அவர்களுக்குத்தான் தெரியும். யாருக்கு என்ன கொடுக்க வேண்டியிருந்தது என்பதும் அவர்களுக்குத்தான் தெரியும். இரண்டையும் பிள்ளைகள் கேட்க எழுதி வையுங்கள். உரிமையைக் கைவிடாதிருக்கும் உறுதியையும், கடனை மறவாதிருக்கும் நேர்மையையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக. ஆமீன்.